பின்னறைச் சுவரின் செய்திகள்

வலிக்கிறதா என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை என்பது பல் டாக்டருக்குத் தெரியும். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் டாக்டரின் கையில் இருக்கும் கருவியை ஓரக்கண்ணால் பார்ப்பார். "இப்ப வலியே இல்ல டாக்டர், நேத்தோட போயிடுச்சு" என்பார். "வலி எங்கேயும் போகல, நீங்கதான் ஓடப் பார்க்கிறீங்க" என்று டாக்டர் சிரிப்பார். ஆள் அசடு வழிந்தபடி வாயைத் திறப்பார். இத்தனை வருடத் தொழிலில் இந்தப் பொய்க்கு அவர் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை.

அதாவது, கிளினிக்குக்குள் ஏமாந்ததில்லை. கிளினிக் இருந்தது அவர் வீட்டின் முன்னறையில். நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டி வீட்டுக்குள் வரும்போது வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். புத்தியையும் கூடவே கழற்றி மாட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொண்டார்.

வீடு பழையது. முழங்கை நீளத்துக்குக் கனமான செங்கல் சுவர்கள், சுண்ணாம்புப் பூச்சு, நடந்தால் முனகும் மாடிப்படி. "பழைய வீடு வேணாங்க. அதுல நாம குடியிருக்க மாட்டோம், அதுக்கு வேலை செஞ்சுக்கிட்டு இருப்போம்" என்று மனைவி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்து, "இந்த மாதிரி சுவர் இப்ப யார் கட்டுறாங்க?" என்று வாங்கிவிட்டார்.

மாடியில் அவரும் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும். கீழே பின்னறையில் மாமனார். முழங்கால் ஒத்துழைக்காததால் அவருக்கு மாடி ஏற முடியாது. மாமனார் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. உப்பு கேட்டால்கூட நாட்டுக்கே அறிவிப்பது போல் இருக்கும். அத்தை காலமான பிறகு அவரை யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு மருமகன்களுக்கும் இழுபறி. தள்ளிவிடுகிற இழுபறி இல்லை, இரண்டு பேருமே வேண்டும் என்று இழுத்தார்கள். டாக்டருக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. சாப்பாட்டு மேசையில் மாமனார் பேப்பரை உரக்கப் படிக்கும்போது, இந்த வீட்டில் இப்போதுதான் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று அவருக்கு நெஞ்சு நிறையும். சகலையை ஜெயித்து மாமனாரைக் கூட்டிவந்ததை அவர் எந்தப் பட்டத்தையும்விடப் பெரிதாக நினைத்தார்.

அப்படிக் கூட்டிவந்த அறையில்தான் ஈரம் வந்தது. கட்டிலின் தலைமாட்டில், முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுத்தது. பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

வேறு யாராவது என்றால் வீட்டு வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்திருப்பார்கள். டாக்டருக்குச் சொத்தையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. முதலில் தண்ணீர் புகாத பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அடுத்தது சுவரின் அடியில் வரிசையாக ஓட்டை போட்டு, ஈரத்தைத் தடுக்கும் மருந்தை ஊசி போல உள்ளே செலுத்தினார். "இது சுவருக்கு வேர் சிகிச்சை" என்று வீட்டாருக்கு விளக்கினார். ட்ரில்லிங் மிஷின் அலற, மகள் காதைப் பொத்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்தாள். அதற்கும் ஈரம் அடங்காமல் போகவே, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு இடுப்பு உயரம்வரை சிமெண்டால் பூசினார். ஒவ்வொரு சிகிச்சைக்கும் மாமனார் ஹாலுக்கு மாறினார். சோற்றில் தூசி விழுந்தது. பிளாஸ்டிக் விரிப்பு போர்த்திய நாற்காலிகளில் உட்கார்ந்து எல்லோரும் சரசரத்தார்கள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் டாக்டர் ஈரத்தின் குணங்களைப் பற்றிப் பேசினார்.

சிமெண்ட் பூச்சுக்குப் பிறகு சுவர் காய்ந்துவிட்டது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

காலையில் டீயோடு பின்னறைக்குப் போய், "மாமா, சுவர் எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

"பின்னறைச் சுவர் வறண்டே காணப்படுகிறது. பொதுமக்கள் அச்சமடையத் தேவையில்லை" என்பார் மாமனார்.

அந்தக் குரலில் வந்த செய்தியைச் சந்தேகித்தவர் அந்தக் காலத்திலேயே யாரும் கிடையாது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் வாய் திறந்து கிடக்கிறவர்களிடம் எல்லாம் சுவரைக் குணப்படுத்திய கதையைச் சொன்னார். வாயில் பஞ்சு இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அறையில் சில மாற்றங்கள் நடந்திருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. கட்டிலுக்குப் பின்னால் மனைவி ஒரு பூப்போட்ட துணியைத் திரை மாதிரி தொங்கவிட்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில் மகள் தன் உலக வரைபடத்தை ஒட்டியிருந்தாள். அத்தையின் போட்டோ வழக்கமான இடத்திலிருந்து இறங்கி கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் தொங்கியது.

"என்ன மாமா, போட்டோவை இவ்வளவு கீழ மாட்டியிருக்கீங்க?"

"படுத்துக்கிட்டே அவளைப் பார்க்கணும் மாப்பிள்ளை."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிலில் தலைவைத்துப் படுப்பவரால் தலைக்குப் பின்னால் இருக்கும் போட்டோவை எப்படிப் பார்க்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மாமனாருக்கு இருமல் வந்தது. முதலில் செய்திகளுக்கு நடுவே ஒரு செருமல். பிறகு செய்தியே இருமலுக்கு நடுவே வந்தது. மார்பு நோய் மருத்துவரிடம் டாக்டரே கூட்டிப்போனார். அந்த மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, எக்ஸ்ரே படங்களைப் பார்த்து, "வீட்டுல ஈரம் ஏதாவது இருக்கா?" என்றார்.

"இருந்துச்சு. நானே சரி பண்ணிட்டேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் டாக்டர். "இப்ப கருவாடு மாதிரி காஞ்சு கிடக்கு. இல்லையா மாமா?"

மாமனார் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்பு நோய் மருத்துவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கும் கொஞ்ச நாள் வேற வீட்டுல இருந்து பார்க்கட்டும். இருமல் குறைஞ்சா அறைதான் காரணம். அப்படின்னா அந்த அறைக்குத் திரும்ப அனுப்பாதீங்க. இந்த வயசுல நுரையீரல் ஒரு தடவை கெட்டா மீளாது" என்றார்.

வேறு வீடு என்றால் சகலை வீடுதான். ஏழாவது மாடி, புதுக் கட்டடம். "எங்க வீட்டுக்கு ஈரம் வரணும்னா லிஃப்ட்லதான் வரணும்" என்று அவர் அடிக்கும் ஜோக்குக்கு டாக்டர் இதுவரை சிரித்ததில்லை. அன்றும் சிரிக்காமல் மாமனாரின் பெட்டியைச் சகலையின் காரில் ஏற்றினார்.

வாரம் திரும்புவதற்குள் சகலையின் போன் வந்தது. "மாமா நல்லா தூங்குறார் சகலை. இருமலே இல்ல. காலையில பேப்பர் படிச்சா கீழ் வீட்டுக்காரங்க ஜன்னலைத் திறந்து வச்சுக் கேட்கிறாங்க. இங்கேயே இருந்துடட்டுமே?"

"பார்க்கலாம்" என்று போனை வைத்தார் டாக்டர். முகத்தில் ஈயாடவில்லை. சாப்பாட்டு மேசையில் பேப்பர் மடித்தபடியே கிடந்தது. மகள் ஒருநாள் அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்து, இரண்டு வரியோடு வைத்துவிட்டாள். மாமா இனி வரவே மாட்டாரோ என்று டாக்டருக்குப் பயம் வந்தது.

ஆனாலும் வீம்பு விடவில்லை. காய்ந்த அறையில் எப்படி இருமல் வரும்? சகலை வீட்டுக் காற்று, மருந்து, வேறு ஏதோ. சுவர் குற்றமற்றது என்று நிரூபிக்கத்தான் அவர் கிளினிக்கை முடித்துக்கொண்டு பின்னறைக்குள் போனார். உள்ளே நுழைந்ததும் நாற்றம் மூக்கில் அடித்தது. நனைந்த கோணிப்பை நாற்றம். இவ்வளவு நாள் அந்த அறையில் மாமனாரின் தைல வாசனையும், மனைவி ஏற்றிவைக்கும் ஊதுவத்தியும் இதை மூடி மறைத்திருக்கின்றன.

பூப்போட்ட துணியை விலக்கினார். சுவர் கறுப்பு. வரைபடத்தை உரித்தார். பசிபிக் பெருங்கடலுக்குப் பின்னால் நிஜமாகவே ஈரம். சிமெண்ட் பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே ஒரு கோடாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அவர் போட்ட சிமெண்ட்டுக்குள் வெளியேற வழியில்லாமல் தண்ணீர் இன்னும் மேலே ஏறியிருக்கிறது.

கடைசியில் அத்தையின் போட்டோவைக் கழற்றினார். பின் அட்டை ஊறி உப்பியிருந்தது. உள்ளே பூஞ்சை கண்ணாடி ஓரம்வரை வந்து, அத்தையின் புடவைத் தலைப்பைத் தொட்டுவிட்டிருந்தது. தன் மனைவியின் படத்தை வைத்து மாமா ஈரத்தை மறைத்திருக்கிறார். போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே மகள். இரண்டு பேரும் கையும் களவுமாகப் பிடிபட்ட முகத்தோடு நின்றார்கள்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றார்.

"தெரியும்" என்றாள் மனைவி.

"ஏன் சொல்லல? மாமா இருமிக்கிட்டே இருந்தாரே!"

"சொல்லாம இருந்தது தப்புதாங்க. இருமல் வந்தப்பவே சொல்லிடலாம்னு நான் சொன்னேன். அப்பாதான் வேணாம்னார். ஆனா சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?" மனைவியின் குரல் உயர்ந்தது. "மறுபடி அந்த ட்ரில்லரைத் தூக்கிக்கிட்டு வந்திருப்பீங்க. மறுபடி எங்கப்பா ஹால்ல படுக்கணும். மறுபடி சோத்துல மண்ணு."

"வலிக்கலன்னு சொன்னாதான்பா நீங்க நிறுத்துவீங்க" என்றாள் மகள்.

அந்த வாக்கியம் டாக்டருக்குப் புதியதில்லை. தினமும் கேட்கிற வாக்கியம். இதே பொய்யை ஊரார் வாயில் கேட்டுச் சிரித்து அனுப்பிய மனிதர், சொந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சொன்னபோது அதை நம்பி மார்தட்டியிருக்கிறார். அவமானத்தில் காது சுட்டது. சுவர் கெட்டதுகூடப் பரவாயில்லை. வீட்டில் இருப்பவர்கள் தன்னிடம் நோயைச் சொல்லப் பயந்திருக்கிறார்கள் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அப்போதும் பழக்கம் போகவில்லை. எதையாவது உடனே செய்தாக வேண்டும் என்று அலமாரியிலிருந்து உளியை எடுத்துக்கொண்டார். மற்ற கையால் மாமனாருக்குப் போன் போட்டார்.

"மாமா, போட்டோவைக் கழற்றிட்டேன். சுவரைப் பத்தி உண்மையைச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது.

"கையில என்ன வச்சிருக்கீங்க மாப்பிள்ளை?"

"போன்தான் மாமா."

"இன்னொரு கையில?"

டாக்டர் உளியைப் பார்த்தார். அதைக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தார். கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப ஒண்ணுமில்ல மாமா. சத்தியமா. நான் ஒண்ணும் பேசமாட்டேன், நீங்க சொல்லுங்க."

மாமனார் தொண்டையைச் செருமினார். இருமல் வரவில்லை, குரல்தான் வந்தது.

"வணக்கம். பின்னறைச் சுவர் குறித்து இதுவரை இந்த நிலையத்திலிருந்து ஒலிபரப்பான செய்திகள் அனைத்தும் பொய் எனத் தெரியவந்துள்ளது. சிமெண்ட் பூசிய பிறகு ஈரம் குறையவில்லை, மேலும் உயர்ந்துள்ளது. மழைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மழை ஓய்ந்து புழுதி பறந்த நாட்களிலும் சுவர் நனைந்தே இருந்தது. ஆனால் பல் மருத்துவர்கள் மாநாட்டுக்காக வீட்டுத் தலைவர் வெளியூர் சென்று, கிளினிக் மூடியிருந்தபோது சுவர் வெளுக்கத் தொடங்கியது. அவர் திரும்பி வந்து நாற்காலி இயங்கத் தொடங்கியதும் மீண்டும் கறுத்தது. கட்டிலை விட்டு இறங்காமல், துணியை விலக்கிப் பார்த்தே நமது செய்தியாளர் இதைக் கண்டறிந்துள்ளார்."

பிறகு செய்திக் குரலை விட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க மாப்பிள்ளை. அதைக் கெடுக்க மனசு வரல. நீங்க மறுபடி ஆரம்பிச்சிடுவீங்களோன்னு பயமும் இருந்துச்சு, பொய் சொல்ல வேணாம்."

டாக்டர் எழுந்து நடுக்கதவைத் திறந்து கிளினிக்குக்குள் போனார். நாற்காலியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் நோயாளிகள் கொப்பளித்துத் துப்பும் கிண்ணத்தைப் பார்த்தார். அதன் குழாய் எங்கே போகிறது என்று யோசித்தார். கிளினிக் அமைத்தபோது பிளம்பர் அதை முன்பக்கமாகக் கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் விடச் சொன்னார். முன்னறையில் பூ வேலை செய்த பழைய தரை. "இந்தத் தரையை உடைக்கவா? உள்பக்கமா கொண்டுபோங்க" என்று உத்தரவு போட்டது வேறு யாருமில்லை. தரைக்கடியில் குழாய் உள்ளே போய், பின்னறைச் சுவரோரமாக ஓடிப் பின்புறச் சாக்கடையில் சேர்கிறது.

ஊரார் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரை மாமாவின் தலைமாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஈரத்தை அடக்குகிறேன் என்று சுவரைத் துளைத்து, ஊசி போட்டு, அடைத்து, பூசி மெழுகி, ஒவ்வொரு நாளும் காலையில் கிளினிக்கைத் திறந்து திரும்ப ஊற்றியிருக்கிறார்.

மறுநாள் பிளம்பர் வந்தார். குழாய்தான் என்று நிச்சயம் செய்யாமல் தரையை உடைக்கக் கூடாது என்பதில் டாக்டர் இந்த முறை உறுதியாக இருந்தார். அதற்கு அவரிடமே மருந்து இருந்தது. சரியாகப் பல் விளக்காத பிள்ளைகளின் பல்லில் தடவினால் அழுக்கு இருக்கும் இடத்தை மட்டும் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும் மருந்து. இருந்த பாட்டில்களை எல்லாம் கிண்ணத்தில் கவிழ்த்தார். தண்ணீரைத் திறந்துவிட்டார். மதியம் பின்னறைச் சுவரோரம் பிளம்பர் ஒரு தரைக்கல்லைப் பெயர்த்தார். கீழே மண் ரோஜா நிறத்தில் குழைந்து கிடந்தது. நடுவில் விலகிப்போன ஒரு குழாய் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது.

"சுவர் சரியா பல்லு விளக்கலங்க" என்றாள் மனைவி. பல நாட்களுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர்தான் அதிகம் சிரித்தார். சிரிப்பு அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

பூ வேலை செய்த முன்னறைத் தரையை உடைத்தார்கள். புதுக் குழாய் தெருப்பக்கம் போனது. கிளினிக் மூடிக் கிடந்தது. பின்னறையில் அவர் பூசிய சிமெண்ட்டும் பெயிண்ட்டும் கொத்தி எடுக்கப்பட்டன. செங்கல் மூச்சு விடட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். இனி என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் செய்ய வேணாம் சார். கனமான சுவர், மெதுவாத்தான் காயும். அப்புறம் சுண்ணாம்பு பூசலாம்" என்றார் பிளம்பர்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்குத் தெரியாத வேலை. அறை வாசலில் வந்து நிற்பார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், போய்விடுவார். சுவரைத் தொட அவருக்கு உரிமை இல்லை என்று வீட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. மனைவியும் மகளும்தான் தொட்டுப் பார்ப்பார்கள். "இன்னும் ஈரம்" என்பார்கள். "சரி" என்பார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாடு வேர் சிகிச்சைக்கு வந்தவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள். சகலை போன் பண்ணி, "மாமாவுக்கு இங்க பழகிடுச்சு" என்று சொல்லும்போதெல்லாம், சுவரிடம் போய்க் கெஞ்சலாமா என்றிருக்கும்.

மழைக்காலம் வந்து போனது. சுவர் வெளுத்தது. சுண்ணாம்பு பூசினார்கள். ஒருநாள் மகள் வந்து, "காஞ்சிடுச்சுப்பா" என்றாள்.

"வலிக்கலன்னு சொல்றியா, நிஜமாவே வலிக்கலையா?"

"நிஜமாவேப்பா."

மார்பு நோய் மருத்துவரிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னார்கள், சிவப்பு மருந்து உட்பட. சிரித்து முடித்துவிட்டு, "சில நாள் இருந்து பார்க்கட்டும். ஒரு இருமல் வந்தாலும் திரும்ப ஏழாவது மாடிதான்" என்றார் அவர். மாமனார் பெட்டியோடு வந்து இறங்கினார். அத்தையின் போட்டோ புதுச் சட்டத்தில் பழைய உயரத்துக்கே போயிருந்தது. புடவைத் தலைப்பின் ஓரத்தில் மட்டும் ஒரு கறை. மாமனார் அதைக் கண்ணாடிக்கு மேலாக விரலால் ஒருமுறை தடவினார்.

மறுநாள் காலையில் டாக்டர் டீயோடு பின்னறைக்குப் போனார். சுவரைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று படியிறங்கும்போதே முடிவு செய்திருந்தார். டீயைக் கொடுத்தார். ஜன்னலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வாய்வரை வந்ததை விழுங்கினார்.

மாமனார் ஒரு வாய் குடித்தார். செய்திக் குரலில் இல்லை, சாதாரணக் குரலில்தான் பேசினார்.

"இருமல் இல்ல மாப்பிள்ளை. நல்லா தூங்கினேன். ஆனா ஜன்னலுக்குக் கீழ அந்த மூலை இருக்கே, அது இன்னும் கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கு."

டாக்டரின் கைகள் துறுதுறுத்தன. அலமாரியின் எந்தத் தட்டில் உளி இருக்கிறது என்பதுகூடக் கண் முன்னால் வந்தது. அதற்கு மேல் வேறொன்றும் வந்தது. இந்த மனிதர் தன்னிடம் சொல்லிவிட்டார். கேட்காமலே, ஒளிக்காமல், சொல்லிவிட்டார். ஒரு சுவர் ஈரமாக இருக்கிறது என்று கேட்டு அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"சரி மாமா" என்றார். "கட்டிலை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுடலாம். மூலை தானா காயட்டும்."

மாமனார் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"எங்க, கையைக் காட்டுங்க."

டாக்டர் காட்டினார்.

"இன்னொரு கை?"

அதையும் விரித்துக் காட்டினார். மாமனார் டீ டம்ளரை அதில் வைத்துவிட்டு, பேப்பரைப் பிரித்தார்.